கூடைப்பந்தில் டீம் டிஃபென்ஸ்: பந்து இல்லாத நான்கு பேருக்கான பயிற்சிகள்

பள்ளி அணிகள் ஆடும் மேட்ச்சில் எதிரணி வரிசையாக நான்கைந்து கூடை போட்டதும் டைம் அவுட் எடுத்து, யார் விட்டது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் "என் ஆளு அடிக்கலையே சார்" என்பார்கள். பெரும்பாலும் அது பொய் இல்லை. பந்து வைத்திருந்தவன் தனக்கு முன்னால் நின்றவனைத் தாண்டி உள்ளே வந்தான், மற்ற நான்கு பேரும் தத்தம் ஆளை ஒட்டி நின்று அதைப் பார்த்தார்கள், லே-அப் (கூடையை ஒட்டி வந்து போடும் எளிய ஷாட்) விழுந்தது. நல்ல டிரிபிளரைத் தனியாக ஒருவர் ஆட்டம் முழுக்கத் தடுக்க முடியாது, எப்போதாவது தாண்டத்தான் செய்வான். தாண்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் டீம் டிஃபென்ஸ், அது பந்துக்கு முன்னால் இல்லாத அந்த நான்கு பேரின் வேலை. போர்டில் வரைந்து காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், கோர்ட்டில் இறங்கியதும் மறுபடி "என் ஆளு"தான். அதனால் பயிற்சி வழியாகத்தான் இதைப் பழக்க முடியும்.

நான் இங்கே சொல்வதெல்லாம் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகளுக்கு, பள்ளி விட்டதும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிற சிமெண்ட் கோர்ட் பயிற்சியை மனதில் வைத்து. கல்லூரி அணிக்கும் இதேதான், வேகம் மட்டும் கூடும்.

முதலில் ஒரு முடிவு எடுங்கள்: மேன்-டு-மேன் (ஆளுக்கு ஒரு ஆளைக் காப்பது) கற்றுக்கொடுக்கப் போகிறீர்களா, ஸோனா (ஆளுக்கு ஒரு இடத்தைக் காப்பது)? சின்னப் பசங்களிடம் 2-3 ஸோன் (முன்னால் இருவர், பின்னால் மூவர்) போட்டால் மேட்ச் ஜெயிக்கலாம், ஏனென்றால் அந்த வயதில் யாருக்கும் தூரத்திலிருந்து பந்து கூடைக்கு எட்டாது. ஆனால் அப்படி ஜெயித்த பிள்ளைகள் பிளஸ் ஒன் வரும்போது எதிரில் ஷூட்டர்கள் வந்துவிடுவார்கள், இவர்களுக்கோ ஒரு ஆளைக் காக்கவும் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கு உதவவும் தெரியாது. என்.பி.ஏவும் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட இளையோர் வழிகாட்டியிலும் 11 வயது வரை ஸோன் வேண்டாம், ஆளுக்கு ஆள் காப்பதே போதும் என்றுதான் இருக்கிறது. மேன்-டு-மேன் நன்றாகத் தெரிந்த அணிக்கு ஸோனைச் சில நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம், மறுபக்கமாக அது நடக்காது.

எங்கே நிற்பது

ஒரு சாக்பீஸ் எடுத்து, ரிங்குக்கு நேர்கீழே தொடங்கி நடுக்கோடு வரை கோர்ட்டை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து ஒரு கோடு போடுங்கள். கோர்ட்டின் அகலம் 15 மீட்டர், ஆக ஒரு பக்கத்துக்கு ஏழரை மீட்டர். பந்து இருக்கும் பாதி பந்துப் பக்கம், மற்றது உதவிப் பக்கம். இந்தக் கோடு இல்லாமல் "ஹெல்ப்ல நில்லு" என்று எத்தனை முறை கத்தினாலும் பயனில்லை. கோடு இருந்தால் "ஒரு கால் கோட்டில்" என்று சொன்னாலே போதும்.

மூன்று வகை இடம்தான் உண்டு. பந்தைக் காப்பவர் ஒரு கை நீளத்தில், பந்துக்கும் ரிங்குக்கும் நடுவில். பந்திலிருந்து ஒரு பாஸ் தூரத்தில் இருக்கும் ஆளைக் காப்பவர், தன் ஆளை ஒட்டி நிற்காமல் பந்துப் பக்கமாகவும் ரிங் பக்கமாகவும் ஓரிரு அடி தள்ளி நின்று, பாஸ் போகும் வழியில் கையை நீட்டியிருக்க வேண்டும். இரண்டு பாஸ் தூரத்தில் இருக்கும் ஆளைக் காப்பவர் சாக்பீஸ் கோடு வரைக்கும் வந்துவிட வேண்டும். பந்து, தான், தன் ஆள் என்று ஒரு தட்டையான முக்கோணம் வரும். ஒரு கையால் பந்தையும் மறு கையால் தன் ஆளையும் சுட்டிக்காட்டி நிற்கச் சொல்லுங்கள். தலையைத் திருப்பாமல் இரண்டும் கண்ணில் பட்டால் இடம் சரி.

ஒரு பாஸ் தூரத்தில் ஆளை ஒட்டி நின்று பாஸே போகவிடாமல் மறிப்பது நல்லதா என்று பலர் கேட்பார்கள். வேகமான, அனுபவமுள்ள அணிக்கு நல்லது. பள்ளி அணிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், அப்படி மறித்தால் நடுவில் இடைவெளி திறந்து பந்துக்காரன் நேராக உள்ளே போய்விடுவான்.

இன்னொரு விஷயம். பிள்ளைகள் போனில் என்.பி.ஏ பார்த்துவிட்டு வருகிறார்கள். அங்கே 2001-02 சீசனிலிருந்து டிஃபென்ஸுக்கும் மூன்று விநாடி விதி உண்டு, யாரையும் காக்காமல் பெயிண்டுக்குள் (ரிங்குக்கு முன்னால் கோடு போட்ட செவ்வகம்) மூன்று விநாடிக்கு மேல் நின்றால் தப்பு. அதனால் அங்கே உதவிக்கு நிற்பவர் உள்ளே போய்ப் போய் வெளியே வருவார். நாம் ஆடுவது சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதியில். இங்கே அந்தக் கட்டுப்பாடு தாக்கும் அணிக்கு மட்டும்தான், டிஃபென்டர் 4.9 மீட்டர் அகலமுள்ள அந்தப் பெயிண்டுக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், உதவிப் பக்கம் நிற்பவர்கள் தயங்கித் தயங்கி வெளியே ஓடுவது அதோடு நின்றுவிடும்.

ஷெல் டிரில்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். நான்கு பேர் தாக்க, நான்கு பேர் தடுக்க. தாக்குபவர்களில் இரண்டு பேர் மேலே, ஃப்ரீ த்ரோ கோட்டின் இரு முனைகளுக்கு நேராக, மூன்று புள்ளி வளைவுக்கு வெளியே. இரண்டு பேர் இரு பக்க விங்கில், அதாவது பக்கக்கோடுகளை ஒட்டி, ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நேராக.

முதல் சில நாள் டிரிபிள் கிடையாது, ஷூட் கிடையாது, கட் (பந்தில்லாமல் ரிங்கை நோக்கி ஓடுவது) கிடையாது. பாஸ் மட்டும். பந்தைப் பிடித்தவர் இரண்டு விநாடி வைத்திருந்து அடுத்தவருக்குக் கொடுக்கிறார். ஒவ்வொரு பாஸுக்கும் நான்கு டிஃபென்டர்களும் இடம் மாறுகிறார்கள். இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எப்போது நகர்கிறார்கள்? பிள்ளைகள் இயல்பாகப் பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் நகர்வார்கள், அது தாமதம். பந்து காற்றில் இருக்கும்போதே நான்கு பேரும் கிளம்பி, அது கையில் விழும்போது நான்கு பேரும் புது இடத்தில் இருக்க வேண்டும். கபடி ஆடிய பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். ரைடர் ஒரு பக்கம் சாய்ந்தாலே உள்ளே இருக்கும் ஏழு பேரும் சேர்ந்து நகர்வார்கள் இல்லையா, அதே மாதிரி இங்கே பந்து நகர்ந்தால் எல்லோரும் நகர வேண்டும்.

நடுவில் "நில்" என்று கத்துங்கள். எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் "பந்து எங்கே, உன் ஆள் எங்கே, நீ ஏன் இங்கே நிற்கிறாய்" என்று கேளுங்கள். நீங்களே கையைப் பிடித்து இழுத்து நிறுத்தாதீர்கள். வாயால் காரணம் சொன்னவர்தான் மேட்ச்சில் தானாக அங்கே போய் நிற்பார்.

இது ஓரளவு வந்ததும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு விங்கிலிருந்து எதிர் விங்குக்கு நீளமான பாஸ். அப்போது கோட்டில் நின்றவர் வெளியே ஓடிப்போய்த் தன் ஆளை மறிக்க வேண்டும். அடுத்து, பாஸ் கொடுத்தவர் ரிங்கை நோக்கி கட் அடிப்பது. இங்கேதான் நிறைய கூடை போகும், ஏனென்றால் தன் ஆள் பந்தை விட்டதும் டிஃபென்டர் மூச்சு வாங்க நிமிர்ந்து நிற்பார், அந்த ஒரு கணத்தில் அவன் முன்னால் புகுந்துவிடுவான். உன் ஆள் பாஸ் கொடுத்த அடுத்த கணமே பந்துப் பக்கம் ஒரு குதி என்று சொல்லிவையுங்கள். குதித்துவிட்டால் அவன் உங்கள் முதுகுப் பக்கமாகத்தான் போக முடியும், அந்த வழியில் பாஸ் கொடுப்பது கஷ்டம்.

அப்புறம் பேஸ்லைன் டிரைவ், அதாவது ரிங்குக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோட்டை ஒட்டி டிரிபிள் செய்து உள்ளே வருவது. இதற்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். பந்து வலது விங்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சொன்னதும் வலது விங்கைக் காப்பவர் வேண்டுமென்றே பேஸ்லைன் பக்கம் வழிவிடுகிறார், பந்து அந்த வழியாக ரிங்குக்கு வருகிறது. இப்போது:

இடது விங்கைக் காப்பவர்தான் (கோட்டில் நிற்கிறவர்) முதல் உதவி. அவர் பெயிண்டைக் குறுக்கே கடந்து, டிரைவர் பெயிண்டுக்குள் கால் வைக்கும் முன்பே நேருக்கு நேர் போய் நிற்க வேண்டும். ரிங்குக்குக் கீழே காத்திருந்தால் ஃபவுல்தான் கிடைக்கும். அங்கே 1.25 மீட்டர் அரைவட்டத்துக்குள் நின்று, காற்றில் வருபவன் மோதினால் சார்ஜ் (தாக்குபவர் மோதியதற்கான ஃபவுல்) கேட்கவும் முடியாது.

அவர் கிளம்பியதும் இடது விங்கில் ஒருவன் தனியாக நிற்கிறான். மேல் இடதைக் காப்பவர் கீழே இறங்கி அவனுக்குப் பொறுப்பேற்க வேண்டும். உதவப் போனவருக்கு உதவி. பல அணிகளில் முதல் உதவி வந்துவிடும், இந்த இரண்டாவது உதவி வராது. அதனால் ஒரு முறை உதவிக்குப் போய் அடிவாங்கிய பையன் அடுத்த முறை போகவே மாட்டான். உதவிக்கு வரவில்லையே என்று அவனைத் திட்டும் முன் அவன் பின்னால் யார் வரவில்லை என்று பாருங்கள்.

மேலே இப்போது இரண்டு ஆட்கள், ஒரே டிஃபென்டர். மேல் வலதைக் காப்பவர் அந்த இருவருக்கும் நடுவில் நின்று, பாஸ் எங்கே போகிறதோ அங்கே ஓட வேண்டும்.

இதை முதலில் நடந்து செய்யவையுங்கள், அடுத்து பாதி வேகம், அப்புறம்தான் முழு வேகம். இரண்டு பக்கமும். நான்கு பேரும் எல்லா இடத்திலும் சுழற்சியாக நிற்க வேண்டும். உயரமான பையன் எப்போதும் உள்ளேதான் நிற்பான் என்று வைத்துவிட்டால் மேட்ச்சில் அவன் மேலே மாட்டும்போது ஒன்றும் தெரியாமல் நிற்பான்.

கடைசியில் நிஜ ஆட்டமாகவே விடுங்கள். கணக்கு இப்படி: ரீபவுண்ட் கைக்கு வந்தால்தான் ஒரு தடுப்பு. தொடர்ந்து மூன்று தடுப்பு செய்த அணி வெளியே வரலாம், நடுவில் கூடை விழுந்தால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து. இதில் வரும் ஆவேசம் வேறு எந்தப் பயிற்சியிலும் வராது.

பேச வைப்பது

பேசாத டிஃபென்ஸ் வேலை செய்யாது. இதை எல்லா கோச்சும் சொல்கிறோம், ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏன் பேசுவதில்லை என்று யோசிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் பிளஸ் டூ அண்ணனைப் பார்த்து "இறங்கு" என்று கத்த மாட்டான். மரியாதைக் குறைவு என்று நினைப்பான், சில அண்ணன்களும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். பெண்கள் அணியில் சத்தம் போட்டாலே யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்ற கூச்சம் வேறு.

ஆகவே பேரும் வேண்டாம், கட்டளையும் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே சொற்கள்: பந்தைக் காப்பவர் "பால் பால்". பக்கத்தில் இருப்பவர் "லெஃப்ட்ல இருக்கேன்" அல்லது "ரைட்ல இருக்கேன்". கோட்டில் இருப்பவர் "ஹெல்ப் இருக்கு". ஆள் குறுக்கே ஓடினால் "கட்டர்". எதிரணி ஆள் குறுக்கே நின்று உங்கள் பக்கத்தவரின் வழியை மறிக்க வந்தால் (இதுதான் ஸ்கிரீன்) "ஸ்கிரீன் ரைட்" அல்லது "ஸ்கிரீன் லெஃப்ட்". ஷாட் போனதும் ஐந்து பேரும் "ஷாட்". இவை தன்னைப் பற்றிய தகவல்தான், யாரையும் ஏவுவது இல்லை, அதனால் தம்பிக்கும் வாய் வரும். சீனியர்களிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்: சின்னவன் கத்தினால் "சரி" என்று பதில் குரல் கொடு. ஷெல் டிரில்லில் சத்தமில்லாமல் செய்த தடுப்பை எண்ணாதீர்கள்.

பேச்சுக்கென்றே ஒரு நல்ல பயிற்சி உண்டு. நான்குக்கு நான்கு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று "மாற்று" என்று கத்துங்கள். பந்து வைத்திருப்பவர் பந்தை அங்கேயே கீழே வைத்துவிட வேண்டும், தடுத்தவர்கள் அதை எடுத்துத் தாக்க ஆரம்பிக்கிறார்கள், தாக்கியவர்கள் தடுக்க வேண்டும். ஒரே நிபந்தனை, இவ்வளவு நேரம் தன்னைக் காத்தவனை யாரும் காக்கக்கூடாது. அந்த இரண்டு விநாடியில் வாய் திறக்காமல் இதைச் செய்யவே முடியாது. முதல் தடவை ஒரே ஆளை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், ஒருவன் தனியாக லே-அப் போடுவான். போடட்டும். கொஞ்ச நேரத்தில் விரலைக் காட்டிக் காட்டிக் கத்த ஆரம்பிப்பார்கள்.

ஓடிப்போய் மறிப்பது

உதவிக்குப் போனவர் திரும்ப ஓடிவந்து ஷூட்டரை மறிப்பதைக் குளோஸ் அவுட் என்கிறோம். ஷெல்லின் பாதி இதில்தான் இருக்கிறது. மூன்று புள்ளிக் கோடு ரிங்கிலிருந்து 6.75 மீட்டர், பெயிண்டிலிருந்து அங்கே வந்து சேர்வதற்குள் ஷாட் போய்விடும் என்ற பதற்றத்தில் பிள்ளைகள் பறந்து வருவார்கள், ஷூட்டர் பந்தை லேசாகத் தூக்கிக் காட்டினால் காற்றில் எழும்பிவிடுவார்கள், அவன் பக்கவாட்டில் டிரிபிள் செய்து போய்விடுவான். முதல் முக்கால் தூரம் முழு ஓட்டம், கடைசி இரண்டு மூன்று அடி தூரத்தில் இடுப்பைத் தாழ்த்திக் குட்டிக்குட்டி அடிகள், பந்துப் பக்கக் கை மேலே. எடை பின்காலில்.

பயிற்சி எளிது. டிஃபென்டர் ரிங்குக்குக் கீழே பந்தோடு நின்று விங்கில் இருப்பவருக்குப் பாஸ் கொடுத்து அதன் பின்னாலேயே ஓடுகிறார். அங்கிருந்து ஒன்றுக்கு ஒன்று, டிரிபிள் இரண்டு மட்டும். இது வந்ததும் உதவிப் பக்கம் இன்னொரு ஜோடியைச் சேர்த்து இரண்டுக்கு இரண்டு ஆக்குங்கள், குளோஸ் அவுட் தோற்றால் உதவி வர வேண்டும். சிமெண்ட் கோர்ட்டில் இதைச் செய்யும் முன் மணலைப் பெருக்கிவிடுங்கள், திடீரென்று நிற்கும்போது வழுக்கினால் முழங்காலுக்கு ஆபத்து. எதிரணியில் யார் ஷூட்டர், யார் இல்லை என்று பார்த்துவைப்பதும் இதில் அடங்கும். ஷூட் தெரியாதவனை நோக்கிப் பறந்து போவதில் அர்த்தமில்லை, ஒரு அடி விட்டே நிற்கலாம்.

ஓடித் திரும்புவது

பள்ளி ஆட்டங்களில் பாதிக் கூடைகள் ஃபாஸ்ட் பிரேக்கில்தான் (பந்து கிடைத்ததும் எதிரணி திரும்பும் முன் ஓடிப்போய்த் தாக்குவது) விழுகின்றன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 28 மீட்டர் கோர்ட்டில் யார் முதலில் திரும்புகிறார்கள் என்பதுதான் விஷயம். பேஸ்லைனில் ஐந்து தாக்குபவர்களையும் ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சியில் அவர்களைப் பார்த்தபடி ஐந்து டிஃபென்டர்களையும் நிறுத்துங்கள். பந்தை யாராவது ஒரு தாக்குபவரிடம் எறியுங்கள். அவருக்கு எதிரில் நிற்பவர் மட்டும் ஓடிப்போய் பேஸ்லைனைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பலாம், மற்ற நான்கு பேர் உடனே ஓட வேண்டும். ஐந்து பேர் வருகிறார்கள், தடுக்க நான்கு பேர், ஐந்தாமவர் வந்து சேரும் வரை சமாளிக்க வேண்டும். முன்னுரிமை எப்போதும் ஒன்றே: முதலில் ரிங், அடுத்து பந்து, அப்புறம் ஷூட்டர். முதலில் திரும்பியவர் "ரிங்" என்று கத்தியபடி கூடைக்கு முன்னால், இரண்டாமவர் "பால்" என்று பந்தை நிறுத்த. தன் ஆளைத் தேடிக்கொண்டு ஓடுபவரைக் கண்டால் ஆட்டத்தை நிறுத்திக் கேளுங்கள்.

ஸ்கிரீன் டிஃபென்ஸைப் பற்றி நிறையப் பேசலாம், பள்ளி அளவில் ஒரு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். இரண்டு பேரும் ஒரே உயரம் என்றால் ஆளை மாற்றிக்கொள்வது எளிது. உயர வித்தியாசம் இருந்தால் பெரியவர் ரிங் பக்கம் பின்வாங்கி நிற்க, பந்தைக் காப்பவர் ஸ்கிரீனைத் தாண்டித் துரத்தி வரட்டும். எதைச் செய்தாலும் ஸ்கிரீன் போட்டுவிட்டு ரிங்கை நோக்கித் திரும்பி வருபவனை உதவிப் பக்கம் இருக்கும் மூன்றாவது ஆள் நெஞ்சால் தொட்டு நிறுத்த வேண்டும். அதையும் ஷெல்லுக்குள்ளேயே சேர்த்துவிடலாம்.

பாக்ஸ் அவுட்டுக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. ஷெல்லில் ஷாட் போனதும் ஆளைத் தேடி, உடம்பால் அடைத்து, பிறகுதான் பந்தைப் பார்க்க வேண்டும். ஓரத்திலிருந்து தவறிய ஷாட் பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் போய் விழும், அதனால் உதவிப் பக்கத்தில் இருப்பவருக்கு இதில் பொறுப்பு அதிகம்.

ஃபவுல் கணக்கு பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து, அணிக்கு ஒரு குவார்ட்டரில் நான்கு. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஃபவுலுக்கும் இரண்டு ஃப்ரீ த்ரோ. உதவிக்குப் போகிறவர் கையை மேலிருந்து கீழே வெட்டும் பழக்கத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும். இரண்டு கையும் மேலே, நெஞ்சு முன்னால். பயிற்சியில் கையை வெட்டினால் கூடை விழுந்ததாகவே கணக்கு வையுங்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் அரை மணி டிஃபென்ஸுக்கு. அதுவும் ஆரம்பத்தில், உடம்பு சூடானதும், களைப்பு வருவதற்கு முன்பு. கடைசியில் தண்டனையாக டிஃபென்ஸ் ஸ்லைடு (இடுப்பைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நகர்வது) போடவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்டனையாகக் கற்ற எதையும் மேட்ச்சில் ஒரு பிள்ளை விரும்பிச் செய்யாது.

பெஞ்சில் இருப்பவர்களிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். பந்தைக் கையால் தட்டிவிட்டது எத்தனை, எதிரணியின் பந்து பெயிண்டுக்குள் எத்தனை முறை வந்தது, இந்த இரண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள். புள்ளி எடுக்காத பையன் பேரும் அந்த நோட்டில் வரும். டைம் அவுட்டில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அடுத்த ஐந்து நிமிடம் எப்படி ஆடுகிறார்கள் என்று பாருங்கள். பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிப்போய் இதே நோட்டை அங்கேயும் எழுதவையுங்கள், பந்தைப் பார்க்காமல் உதவிப் பக்கம் நிற்பவரை மட்டும் பார்த்தபடி ஒரு குவார்ட்டர் முழுக்க.

பரீட்சை நேரம், மழை என்று ஆறு பேர்தான் வந்தார்கள் என்றால் பயிற்சியை ரத்து செய்ய வேண்டாம். மேலே ஒருவர், விங்கில் இருவர் என்று மூன்றுக்கு மூன்று ஷெல் போடலாம். மேலே நிற்பவரைக் காப்பவருக்குத்தான் அதில் இரண்டு வேலை: பந்து ஒரு விங்கிலிருந்து பேஸ்லைன் வழியாக உள்ளே வந்தால் எதிர் விங்கைக் காப்பவர் உதவிக்குப் போவார், மேலே இருப்பவர் தன் ஆளையும் அந்த விங்கையும் ஒரே நேரத்தில் பார்த்தபடி நடுவில் இறங்கி நிற்க வேண்டும். நான்கு பேர் ஷெல்லில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இதில் ஒளிய இடமே இருக்காது, ஆள் எல்லோரும் வந்த நாளிலும் பத்து நிமிடம் இப்படிப் பிரித்து ஆடவிடலாம்.